உடும்புத் தீவில் எனக்குத் துடக்கு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் உடும்பின் படம் கிடக்கிறது. சாதாரண உடும்பு அல்ல. ஒரு வளர்ந்த ஆளைவிட நீளமான கொமோடோ உடும்பு, நாக்கை வெளியே நீட்டியபடி. பின்னால் என் கணவர் தொப்பியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். படத்தை எடுத்தவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா. சுவரில் பல்லியைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற மனுசி. அந்த உடும்பைப் பார்க்க வேண்டும் என்று அரை ஆயுள் ஆசைப்பட்டவள் நான். அந்தப் படத்தில் நான் இல்லை. அந்த நேரம் நான் படகில் இருந்து பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் சட்டனில் ஒற்றை அறையில் இருந்தோம். கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். பகலில் அவர் படுத்திருப்பார். அதே அறைக்குள் நான் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். ஆகவே டீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்துகளை வாசிப்பேன். எனக்கு இங்கிலிஸ் வந்ததே அப்படித்தான். ஒரு நாள் மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றில் இந்த உடும்பு வந்தது. பற்றைக்குள் இருந்து வெளியே வந்து, கடற்கரை மணலில் இறங்கி, ஆறுதலாக நடந்து போனது. எதிரில் நின்ற மான்கள் விலகின, படம் பிடித்தவனும் பின்னுக்குப் போனான் போலும், படம் ஆடியது. அது மட்டும் ஒருவரையும் கேட்காமல், ஒருவருக்கும் ஒதுங்காமல், தன்பாட்டில் போனது. எனக்கு அந்த நடை பிடித்துவிட்டது. கணவர் எழும்பியதும், ஒரு நாளைக்கு இதை நேரே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

"உடும்பு பாக்க பிளேன் ஏறிப் போற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் பிளேன் ஏறாமல் இல்லை. ஏறினோம், ஏறி இறங்கிக் களைத்தோம். கனடாவில் கலியாணம், பாரிசில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, ஜெர்மனியில் செத்தவீட்டு அந்தியேட்டி, மறுபடி கனடாவில் கலியாணம். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் இன்னொருவர் வீட்டு ஹோலில் மெத்தை போட்டுப் படுப்பதும், அவர்களுடைய குசினியில் வெங்காயம் வெட்டுவதும்தான். நயாகராவைக் கூட நான் பட்டுச்சீலையோடுதான் பார்த்தேன். போகிற வழியில் கலியாணமண்டபம் இருந்தது, அதனால்.

ஐம்பது வயது வந்தபோது ஒரு பார்ட்டி வைக்கலாம் என்று கணவர் தொடங்கினார். வாடகைக்கு ஹோல் எடுத்து, பலூன் கட்டி, எனக்குக் கிரீடமும் வைத்து இருத்திவிடுவார்களாம். நான் மாட்டேன் என்றேன். "எனக்கு ஒண்டும் வேண்டாம். உடும்பு பாக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். இரண்டு நாள் யோசித்தார். பிள்ளைகள் இருவரும் வேறு வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள், அவர்களும் தொலைபேசியில் அம்மாவுக்காக நின்றார்கள். ஒருவழியாகச் சம்மதித்தார். எனக்கு வந்த சந்தோசத்தை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள். இணையத்தில் தேடித் தேடி, எந்தத் தீவு, எந்த மாதம், என்ன சப்பாத்து போட வேண்டும் என்று எல்லாம் பாடமாக்கினேன்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரம் கணவர் மெல்லச் சொன்னார், "அக்காவும் அத்தானும் வரினமாம்."

"எங்க?"

"எங்களோடதான். நாங்கள் தனியப் போனால் அங்க யாரோட கதைக்கிறது?"

ஏன், என்னோடு கதைத்தால் வாய் உளுத்துவிடுமா என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதோடும் முடியவில்லை. பயண நாள், எங்கள் கோயில் தேரன்று மாலையாக அமைந்தது. தேரைப் பார்க்காமல் மச்சாள் அசையமாட்டார். காலை தேர், மாலை ஹீத்ரோ என்று அவரே முடிவெடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் மாதவிலக்கைத் துடக்கு என்போம். துடக்கென்றால் கோயிலுக்குப் போகக் கூடாது, தேர்வடம் தொடக் கூடாது, சாமி அறைப்பக்கம் தலை காட்டக் கூடாது. லண்டனுக்கு வந்தும் இது குறையவில்லை, குளிசை வந்தது மட்டும்தான் வித்தியாசம். தேதியைத் தள்ளிப் போடுகிற குளிசை. தேர், கலியாணம், வீடு குடிபூரல் என்று எதற்கும் எங்கள் பெண்கள் அதைப் போடுகிறார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். ஆடி பிறந்தால் போதும். டொக்டரின் சீட்டோடு ஒவ்வொருவராக வருவார்கள். என்னைக் கண்டதும் குரலைத் தணித்து, "அந்தக் குளிசை, அக்கா… கோயிலுக்கு" என்பார்கள். என்னவோ கள்ளச் சாமான் வாங்குகிற மாதிரி. நானும் மடித்த பையை அதே மாதிரிக் கொடுப்பேன்.

எனக்கும் அந்த வருடம் தேவைப்பட்டது. ஐம்பது வயதில் அது போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிற விருந்தாளி மாதிரி, எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல ஏலாது. டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினேன். தேருக்கும் ஆயிற்று, பயணத்துக்கும் ஆயிற்று, உடும்பைப் பார்த்துத் திரும்பும்வரை தொடர்ந்து போடுவது என்பது என் திட்டம். இதில் ஒன்று முக்கியம். குளிசையை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் அது வந்தே தீரும். இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லித்தான் அனுப்புவேன்.

தேருக்கு முதல் நாள் பின்னேரம் மச்சாள் வீட்டுக்கு வந்தார். கால் கழுவக்கூட நிற்கவில்லை.

"பிள்ளை, உம்மட்ட அந்தக் குளிசை இருக்கெல்லோ? இவளுக்கு நாளைக்குப் பாற்செம்பு. இப்பதான் சொல்லுறாள், தேதி கிட்ட எண்டு. எனக்குத் தலை சுத்துது."

இவள் என்றது அவருடைய மகள். நகரத்தில் பெரிய வேலை பார்க்கிற பெண். பாற்செம்பு என்பது நேர்த்திக்காகத் தலையில் பால் சுமந்து கோயில் வீதியைச் சுற்றுவது. மச்சாள்தான் மகளுக்காக நேர்ந்துவைத்தார், மகளுக்கு நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம் சரிவர வேண்டும் என்று.

"மச்சாள், இதை முதல் நாள் தொடங்கினால் வேலை செய்யாது. சில நாளுக்கு முன்னமே போடவேணும்" என்றேன். "அதோட இது டொக்டர் எனக்கு எழுதினது. ஒருத்தற்றை மருந்தை இன்னொராள் போடக் கூடாது."

"அதெல்லாம் அம்மாள் பாத்துக்கொள்ளுவா. நீர் தாரும்."

அம்மாள் பார்த்துக்கொள்வா என்றால் குளிசை எதற்கு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "எனக்குப் பயணத்துக்கு வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

"உம்மட விசயம் உல்லாசப் பயணம். இது சாமி விசயம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பயணப் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார். "குடுத்து விடும். நாளைக்குப் பயணத்தை வைச்சுக்கொண்டு ஏன் சண்டை" என்றார்.

கொடுத்தேன். முழுக் குளிசைத் தட்டையும் கேட்டார், முழுவதையும் கொடுத்தேன். சனிக்கிழமை மாலை. டொக்டர் கிடையாது. எங்கள் கடையில் பின்னறைத் தட்டில் அந்தக் குளிசை பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும், ஆனால் சீட்டில்லாமல் ஒன்றைத் தொட்டாலும் என் வேலைக்கு உலை. அன்றிரவு போட வேண்டிய குளிசை இல்லாமல் படுத்தேன். எனக்குத் தெரியும், எண்ணிச் சொல்லலாம், என்றைக்கு வரும் என்று. எண்ணிப் பார்த்தேன். சரியாக உடும்புத் தீவில் வந்து நின்றது. வயது போன உடம்பு, சிலவேளை பிந்தலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மறுநாள் தேர். வெயில் நன்றாக எறித்தது. மச்சாளின் மகள் சிவப்புச் சீலையில் பாற்செம்போடு சுற்றி வந்தாள், மச்சாள் அழுதார். நான் வடம் பிடித்தேன். அன்னதான வரிசையில் நின்று சாப்பிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து சீலை மாற்றி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு விமானநிலையம் போனோம்.

பயணத்தில் மூன்று விமானம் மாறினோம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. மச்சாள் திருவிழா முழுக்க முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடமாட்டார், ஆகவே ஒவ்வொரு விமானத்திலும் ஒரு வழக்கு. கடைசியில் உடும்புத் தீவுக்குப் படகு ஏறுகிற துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் நால்வருக்கும் ஒரு மரப்படகு ஒழுங்கு செய்திருந்தோம். ஒரு தலைவர், ஒரு சமையற்காரர், நாங்கள். படகில் ஒரு இரவு தங்கி, விடியப் போய்த் தீவில் இறங்குவது. சமையற்காரர் மத்தியானம் பெரிய மீன் ஒன்றை முழுசாகப் பொரித்து வைத்தார். மச்சாள் அந்தச் சட்டியை மோந்து பார்த்துவிட்டு, தனக்கு வேறு சட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். படகில் இருந்ததே இரண்டு சட்டி. மற்றச் சட்டி மச்சாளின் நூடுல்ஸுக்கு என்று ஒதுங்கிவிட்டது.

மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நல்ல மனிசன், வாய் மட்டும்தான் கொஞ்சம். உடும்பு என்ற பேச்சு எடுத்தால், "வன்னியில எண்டால் இதை ஒரு ஊரே வைச்சுக் கறி காய்ச்சியிருக்கும், தங்கச்சி. நாரிப்பிடிப்பு, இடுப்புநோவுக்குக் கைகண்ட மருந்து" என்பார். சமையற்காரரிடமும் சைகையில் இதையே கேட்டார். அந்த மனிசர் பயந்துபோய்க் கும்பிட்டார்.

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக இருந்தது. கடல் ஆடாமல் கிடந்தது. தீவுகள் புல்லுக் காய்ந்து பழுப்பாக நின்றன. நாளைக்கு இந்நேரம் நான் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிய எழும்பி, ஆள் திரும்ப ஏலாத அந்தப் படகுக் கழிவறைக்குள் போனேன். வந்திருந்தது.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் எல்லார்மேலும். ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, இது கோயிலா? சப்பாத்தைப் போட்டேன், தொப்பியை வைத்தேன், எல்லாருக்கும் முன்னால் இறங்குதுறையில் குதித்தேன்.

இறங்குதுறையின் முடிவில், ஒரு புளியமரத்தின் கீழ் தீவுக் காவலர் நின்றார். மெலிந்த இளைஞர், கையில் நுனி கவடு பிரிந்த நீளத் தடி. உடும்பு கிட்ட வந்தால் கழுத்தில் கொடுத்துத் தள்ளுவதற்கு. எங்களை வட்டமாக நிறுத்தி ஆறுதலான இங்கிலிஸில் விளக்கம் சொன்னார். பிரியக் கூடாது. ஓடக் கூடாது. சாப்பாடு கொண்டுவரக் கூடாது. காயம் இருந்தால் சொல்ல வேண்டும். அதே குரலில், அதே முகத்தோடு, "பெண்கள் யாருக்காவது மாதவிலக்கு என்றால் தயவுசெய்து இப்போதே சொல்லுங்கள். இவற்றுக்கு இரத்த வாடை வெகு தூரத்துக்குத் தெரியும்" என்றார்.

என் காது அடைத்துவிட்டது. கணவர் தன் சப்பாத்து நாடாவைப் பார்த்தார். அண்ணை கடலைப் பார்த்தார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோயிலுக்குப் பொய் சொல்லிப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அம்மாள் எழும்பி வந்து கடிக்கப்போவதில்லை. ஆனால் இது கடிக்கும். என்னை மட்டும் கடித்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிற அந்த இளைஞரையும் கடிக்கும். அவர் ஒரு மனிசர் இன்னொரு மனிசரைக் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். ஆகவே நான் கையை உயர்த்தினேன். ஐம்பது வயதில், இரண்டு ஆம்பிளைகளுக்கும் மச்சாளுக்கும் முன்னால், "எனக்கு" என்று சத்தமாக இங்கிலிஸில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வீரம் அதுதான்.

"ஓகே, நன்றி. அப்படியென்றால் நீங்கள்…" என்று காவலர் தொடங்கினார்.

"ஐயோ, துடக்கோ!" என்று மச்சாள் இரண்டடி விலகினார். "தேர் முடிஞ்சு இன்னும் ஈரம் காயேல்லை. நான் விரதத்தில நிக்கிறன், பிள்ளை. நீர் போட்டிலயே இரும்."

"ஓம், இரும். நாங்கள் கெதியா வந்துடுவம்" என்றார் கணவர், நாடாவைப் பார்த்தபடியே.

என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. என் கால்கள்தான் திரும்பின. பன்னிரண்டு வயதில் பழகிய கால்கள், துடக்கு என்ற சொல் காதில் விழுந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரியும். இறங்குதுறைப் பலகைகளில் விறுவிறென்று நடந்தேன். பின்னால் காவலர் ஏதோ கூப்பிட்டுச் சொன்னார். மச்சாள் தன் இங்கிலிஸில், "ஷி இஸ் டயர்ட். ஷி வில் ரெஸ்ட்" என்பது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் பார்க்கக் கூடாது.

படகில் டீசல் மணத்தது. வெயில் ஏறியது. சமையற்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். கரையில் ஒரு மான் வந்து நின்றுவிட்டுப் போனது. அது வந்தால் பின்னால் உடும்பும் வரும் என்று வாசித்திருந்தேன், எட்டி எட்டிப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை ஆயிரம் மைல் வந்திருக்கிறேன், கல்லெறி தூரத்தில் அது கிடக்கிறது, நான் இங்கே குந்திக்கொண்டிருக்கிறேன். விசர் பிடிக்காமல் வேறென்ன செய்யும்? மச்சாளை ஏசினேன். கணவரை அதைவிட ஏசினேன். ஒரு பாவமும் அறியாத உடும்பையும் ஏசினேன், வருடம் முழுக்கக் குளிக்காமல் கிடக்கிற சனியனுக்கு என்னுடைய வாடைதான் பிடிக்காதாமா?

நெடுநேரம் கழித்து அவர்களுடைய சத்தம் கேட்டது. மச்சாள் கையை விரித்தபடி முன்னால் வந்தார்.

"எணேய் பிள்ளை, என்ன சாமான் தெரியுமே! ஒண்டில்லை, நாலு! ஒண்டு எனக்குக் கிட்ட வந்து நாக்கை நீட்டினது. நீர் பாத்திருக்கவேணும்."

"ஓம். பாத்திருக்கவேணும்" என்றேன்.

அண்ணை, "ஒரு தொடையே ஒரு கிழமைக் கறிக்குக் காணும்" என்றார்.

காவலர் அவர்களை வழியனுப்ப இறங்குதுறைவரை வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். "இப்போது சுகமா? மிகவும் களைப்பு என்று உங்கள் அக்கா சொன்னாரே" என்றார்.

"களைப்பில்லை. மாதவிலக்கென்றால் வரக் கூடாது என்றுதானே நீங்கள் கேட்டீர்கள்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "இல்லையே! நீங்கள் எனக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்பது. என் தடிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால். பின்னால் இன்னொரு காவலரும் வருவார். ஒவ்வொரு நாளும் அப்படிப் பெண்கள் வருகிறார்கள். நான் உங்களைக் கூப்பிட்டேனே, நீங்கள் திரும்பவில்லை."

எல்லோருக்கும் முன்னால். அவர் அதைத் திரும்பவும் சொன்னார்.

என் தலைக்குள் ஏதோ அறுந்தது. "இப்ப போகலாமா? இப்பவே?" என்று கேட்டேன். காவலர் படகுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைக் காட்டினார், காற்று எழும்புகிறது, பிந்தினால் கடல் கொந்தளிக்கும், அரை மணித்தியாலம் வேண்டுமானால் நிற்கலாம், ஆனால் முடிவு உங்களுடையது என்று என் கணவரைப் பார்த்தார். என் கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் சரிந்துவிட்டார்.

"எனக்கு வெயிலுக்குத் தலையிடி மண்டையைப் பிளக்குது. கடலும் எழும்பினால் சத்தி வந்துடும், தம்பி. உடும்புதானே. வீடியோ எடுத்திருக்கிறன், வாட்ஸ்அப்பில போட்டுவிடுறன்."

"சரி, அடுத்தமுறை பாப்பம்" என்றார் கணவர்.

"எந்த அடுத்தமுறை?" என்று கத்தினேன். "அரை ஆயுள் ஆசைப்பட்டு வந்தனான். உங்கட அக்காதான் என்ர குளிசையை வாங்கினவ, உங்கட அக்காதான் என்னை இங்க இருத்தினவ, இப்ப உங்கட அக்காவுக்குத் தலையிடி. நான் யாருக்குத்தான் ஆள்?" அண்ணை இங்கேயும் கடலைத்தான் பார்த்தார். கயிறு அவிழ்ந்துவிட்டது. காவலர் தடியை ஊன்றிக்கொண்டு, நாங்கள் வெகு தூரம் போகும்வரை இறங்குதுறையிலேயே நின்றார்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு நான் மச்சாளோடு சண்டை பிடிக்கவில்லை, கதைக்கவும் இல்லை. அவர் குழுவில் படங்களைப் போட்டார். கனடாவிலும் பாரிசிலும் இருந்து இதயம் இதயமாக வந்து விழுந்தன. "தங்கச்சி எங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "அவவுக்கு வர ஏலாமல் போச்சு" என்று எழுதினார். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? போனைக் குப்புற வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கிழமை முடிவில், கடையில் ஆள் குறைந்த நேரம், மச்சாளின் மகள் வந்தாள். எங்கள் பிள்ளைகளைப் போல அவளும் இங்கிலிஸைப் பாதியும் தமிழைப் பாதியுமாகக் கதைப்பாள். சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் இருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தாள். என் குளிசைத் தட்டு. நான் கொடுத்தபோது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு குழிகூட உடையவில்லை.

"ஐ ஆம் சொறி, மாமி, முன்னமே தந்திருக்கவேணும். அம்மாவுக்குச் சொல்லாதைங்கோ, ப்ளீஸ். நான் போடேல்லை. லேட்டாத் தொடங்கினால் வேலை செய்யாதெண்டு கூகிளில கிடந்தது. போட்டு என்ன?"

"அப்ப தேரண்டைக்கு?"

அவள் தோளைக் குலுக்கினாள். "காலமை வந்திட்டுது. சும்மா போனன். யாரும் கேக்கேல்லை, மாமி."

நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குத் திட்டு விழும் என்று பயம், கண் வெட்டிக்கொண்டிருந்தது. என்ன திட்டுவது? அவள் துடக்கோடு பாற்செம்பு சுமந்து சாமியை மூன்று தரம் சுற்றி வந்திருக்கிறாள். நான் அவளுக்காக அந்தக் குளிசையைக் கொடுத்துவிட்டு, ஒரு உடும்புக்குத் துடக்கு என்று படகில் குந்தியிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அதே வேகத்தில் அழுகையும் வந்தது. அவள் பயந்துவிட்டாள். "மாமி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

"ஓகே. நீ போ. நல்ல காரியம் செய்தாய்" என்றேன். எது நல்ல காரியம் என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

வெளியே போய் வந்த மருந்தைத் திரும்பவும் பாவிக்க ஏலாது, அது கடையின் விதி. அழிப்பதற்கென்று பின்னறையில் ஒரு வாளி இருக்கிறது. அந்தத் தட்டை அதற்குள் போட்டு மூடியை அழுத்தினேன். அதற்குள் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது கணவர் டீவிக்கு முன்னால் இருந்தார். கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்.

"வாற வருசம் நான் திரும்பப் போறன்."

"எங்க?"

"உடும்பு பாக்க."

"பாப்பம். அக்காவையும் ஒருக்கால் கேட்டு…"

"அக்கா வேண்டாம். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. வராட்டில் தனியப் போறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீவியின் சத்தத்தைக் குறைத்தார். "எப்ப?"

"தேர்க் கிழமை. தேரண்டைக்கு நான் அந்தத் தீவில நிப்பன்."

"தேருக்கோ?" என்று அவர் எழும்பியே விட்டார். "தேருக்கு நிக்காமல் போனால் அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"துடக்கெண்டு சொல்லுங்கோ" என்றேன்.